இருபத்திரண்டு லீற்றர் சுடுதண்ணியும் என்ர நெஞ்சிடியும்

காருக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போற கரவன் வீட்டில சுடுதண்ணி திருத்துறவனுக்கு ஒருத்தரும் சுகம் விசாரிக்க போன் எடுக்கிறேல்லை. எடுத்த உடன "அண்ணை, சுடுதண்ணி வருகுதில்லை" எண்டுதான் கதை துவங்கும். கரவன் வைச்சிருக்கிற சக துன்பசாலிகளே, உங்களுக்கு இந்தக் கரைச்சல் தெரியும். குளிருக்க, தலை முழுக்க ஷாம்புவோட நிண்டு பைப்பைப் பாத்து மன்றாடியிருப்பியள்.

நான் கிரவீன் எண்ட ஊரில இருந்து வான் வண்டியில சாமானை ஏத்திக்கொண்டு திரியிற காஸ்காரன். லைசன்ஸ் இருக்கு. கோவம் கொஞ்சம் கூட எண்டு மனுசி சொல்லுவா, சொல்லட்டும். கட்டிலுக்குக் கீழ இருபத்திரண்டு லீற்றர் தாங்கி, அதைச் சூடாக்க ஒரு நெருப்பு, மேல படுத்திருக்கிறது பிள்ளையள். இதை நினைச்சா ஆருக்குத்தான் கோவம் வராது? பச்சைத் தண்ணியில குளிச்சு ஒருத்தரும் செத்ததில்லை. காஸில ஒரு சின்னப் பிழை விட்டா வீட்டோட போயிடும். என்ர பயம் எல்லாம் அதுதான்.

வெளியில நிண்டு குளிச்ச ஆள்

எங்கட தெருவிலயே ஒரு அங்கிளும் அன்ரியும். மெல்பேணில, கிரான்பர்னில இருக்கிற மகன்ர வீடு குடிபூரலுக்குக் கரவனிலயே வெளிக்கிட நிக்கினம். எந்தப் பைப்பைத் திறந்தாலும் நகச்சூட்டுத் தண்ணிதான். காஸ் சிலிண்டரைப் பாத்தன், நெருப்பு எரியிற பேணரைக் கழட்டித் துடைச்சன், வயரை ஒவ்வொண்டாப் பாத்தன். எல்லாம் சரி. அங்கிள் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மணிக்கூட்டைப் பாக்கிறார். எனக்கு வேர்க்குது, ஏனெண்டா காரணம் தெரியாத காஸ் சாமானை "சரி, கொண்டு போங்கோ" எண்டு நான் விடமாட்டன்.

கடைசியா கரவன்ர பக்கத்தில இருக்கிற சின்ன மூடியைத் திறந்தன். உள்ளுக்க, வெளியில நிண்டு குளிக்கிற ஷவர். ஷவர்த் தலையில மட்டும் பூட்டியிருக்கு, சூடு, குளிர் ரெண்டு பைப்பும் முழுக்கத் திறந்தபடி. ரெண்டு தண்ணியும் அங்க கலந்து, கரவன் முழுக்க வெதுவெதுப்பா ஓடுது. எங்கட ஆக்கள் வெளியில நிண்டு குளிக்கிறதெண்டா ஒண்டு கடல், மற்றது செத்தவீடு. கிரவீனில கடல் இல்லை. "அன்ரி, கிட்டடியில செத்தவீடு ஒண்டுக்குப் போட்டு வந்தனீங்களோ?" எண்டு கேட்டன். போன கிழமை போட்டு வந்து, வீட்டுக்குள்ள கால் வைக்க முதல் அதிலதான் தோய்ஞ்சவவாம். ரெண்டு பைப்பையும் பூட்டின உடன கரவனுக்க ஆவி பறக்கத் தண்ணி வந்தது. அன்ரி என்னை மேலயும் கீழயும் பாத்துப்போட்டுச் சொன்னா:

"தம்பி, காஸ் பாத்தது போதும், எங்கட சின்னவளுக்கு எப்ப கலியாணம் சரிவரும் எண்டும் ஒருக்காப் பாத்துச் சொல்லும்."

ஒழுகாத வால்வு

லிட்கமில ஒரு தம்பி. கோயம்புத்தூர்க்காரர், கம்பியூட்டர் வேலை. "குழாயைத் திறந்தா பட்டாசு மாதிரி வெடிக்குதுங்க, ஆவியா வருதுங்க" எண்டு எடுத்தார். போய்ப் பாத்தா, தாங்கியில அழுத்தம் கூடினா திறக்கிற வால்வின்ர வாயில பித்தளை மூடி ஒண்டு போட்டு இறுக்கியிருக்கு. தண்ணி கொதிக்கேக்க அந்த வால்வு கொஞ்சம் சொட்டுறது வழமை, சொட்டத்தான் வேணும். இவருக்கு அந்த ஈரம் பிடிக்கேல்லை. சூட்டை நிப்பாட்டுற சாமானும் பழுது. எப்ப வெடிக்குமோ எண்டு தாங்கி விடாமல் கொதிச்சுக்கொண்டு இருக்கு. அதுக்கு நேர மேல, கதிரையில, அவற்ற ரெண்டு பெட்டைப் பிள்ளையளும் இருந்து படம் கீறுதுகள்.

காஸைப் பூட்டினன். "பிள்ளையள், வெளியில ஓடுங்கோ" எண்டு கத்தின கத்தில பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரும் வெளியில வந்திட்டார். தம்பி மட்டும் அசையேல்லை. "நம்மாளுதானே நீங்க, அந்த மூடிய மட்டும் விட்டுட்டு மத்ததப் பாருங்களேன்" எண்டு கெஞ்சுறார். "விசர்க்கதை கதையாதையும்!" எண்டு கையில பிடிச்சு இழுத்து வெளியில விட்டன். தாங்கி ஆறும்வரைக்கும் ரெண்டு மணித்தியாலம் எல்லாரும் ரோட்டுக் கரையில நிண்டம். மூடியைக் கழட்டி அவற்ற கையில வைச்சன். முகம் வெளுத்துப்போய்ச் சொன்னார்:

"எட்டு மாசமா ஒரு சொட்டு ஒழுகலைங்க, நானே சரி பண்ணிட்டேன்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டு இருந்தேனுங்க."

கடுகு வெடிச்சா அலாம் கத்தும்

இனிச் சொல்லப்போறது நான் விட்ட பிழை. ரமணன், சுகந்தி எண்டு ஒரு இளம் சோடி, ரெண்டு சின்னப் பிள்ளையள். பாவிச்ச கரவன் ஒண்டு வாங்கினவை. சுடுதண்ணி நெருப்புப் பிடிக்கேல்லை எண்டு கூப்பிட்டினம். பேணருக்குள்ள சிலந்தி கூடு கட்டியிருந்தது. துப்பரவாக்கிக் குடுத்திட்டு வெளிக்கிடேக்க சுகந்தி கேட்டா, "அண்ணை, கடுகு வெடிச்ச உடன இந்த அலாம் கத்துது, என்ன செய்யிறது?" கூரையில இருந்தது புகைக்கும் நச்சுக் காஸுக்கும் சேர்த்து ஒரே அலாம்.

எங்கட வீட்டிலயும் தாளிக்கேக்க கத்துறதுதான். எனக்கும் அடுத்த வேலைக்கு நேரம் போட்டுது. "தாளிக்கேக்க கழட்டி வையுங்கோ, பேந்து மாட்டிவிடுங்கோ" எண்டன். அவ்வளவுதான். சுகந்தி சிரிச்சா.

"எங்கட ஆள் எண்டபடியால் உங்களுக்கு விளங்குது அண்ணை, வெள்ளைக்காரன் எண்டா இதுக்கும் ஒரு வகுப்பெடுத்திருப்பான்."

மஞ்சள் நெருப்பு

இஞ்ச ஆடி மாதம்தான் கடுங்குளிர்; அந்தப் பள்ளிக்கூட விடுமுறைக்கு ரமணன் ஆக்கள் கரவனை இழுத்துக்கொண்டு பனி பாக்கப் போச்சினம். மூண்டாம் நாள் காலமை நான் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்க சுகந்தி எடுத்தா. "அண்ணை, சுடுதண்ணி நல்லா வருகுது, ஆனா தாங்கியின்ர நெருப்பு மஞ்சளா எரியுது, பிரச்சினையோ?" நீலமா எரிய வேணும். மஞ்சள் எண்டா காத்துப் போதாது.

"எங்க நிண்டு பாக்கிறீர்?"

"குசினிக்க."

"கரவனுக்கயோ?"

"இல்லை, கரவனோட சேத்து வெளியில கட்டின ரென்றுக் கூடாரத்துக்க. மீன்குழம்பு மணம் கரவனுக்க போகாமல் இதைத்தான் குசினியாக்கினது. குளிருக்கு நாலு பக்கமும் ஸிப் போட்டிருக்கு."

சுடுதண்ணித் தாங்கியின்ர புகை வாறது அந்த ரென்றுக்குள்ள. கரவன் கதவும் அதுக்குள்ளதான் திறக்கும். காத்துப் போதாமல் எரியேக்க வாற நச்சுக் காஸுக்கு மணம் குணம் ஒண்டும் இல்லை, நித்திரையிலயே ஆளைக் கொண்டு போயிடும். "அவர் எங்க? பிள்ளையள் எங்க?" எண்டு கேட்டன்.

"இன்னும் எழும்பேல்லை அண்ணை. எல்லாருக்கும் தலையிடி. நான் இப்பதான் கரவன் பார்க்கில இருக்கிற பொதுக் குளியலறைக்குப் போட்டு வந்தனான்."

"அலாம் கத்தேல்லையோ?"

"நீங்கள்தானே அண்ணை கழட்டச் சொன்னனீங்கள். மேசை லாச்சிக்க கிடக்கு."

கடவுளே! "ஸிப்பைத் திற! காஸைப் பூட்டு! பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு வெளியில போ, உடுப்பு எடுக்காதை, ஒண்டும் எடுக்காதை!" எண்டு கத்தினன். போன் எங்கயோ விழுந்த சத்தம். மனுசி தன்ர போனில அம்புலன்ஸுக்கு எடுத்தா. முதல் நாள் ரமணன் அனுப்பின படத்தில பார்க்கின்ர பேர்ப்பலகை தெரிஞ்சபடியால் இடத்தைச் சொல்ல முடிஞ்சது. நான் என்ர போனைக் காதில வைச்சபடி நிக்கிறன். "ரமணன், எழும்புங்கோ, எழும்புங்கோ" எண்டு சுகந்தி அழுறது கேக்குது. ஏதோ இழுபடுது. ஒரு பாத்திரம் உருளுது. பேந்து ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமில்லாத நேரம் எவ்வளவு எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. அந்தப் பிள்ளையள் செத்தா நான்தான் கொலைகாரன் எண்டு மட்டும் நினைச்சன். கன நேரத்துக்குப் பிறகு தூரத்தில ரமணன்ர சின்ன மகளின்ர குரல் கேட்டது:

"டாடி, வை ஆர் வி இன் த ஸ்னோ வித் நோ ஷூஸ்?"

நான் குசினி நிலத்தில இருந்து அழுதன்.

பாயாசம்

ஒட்சிசன் குடுத்து, ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில வைச்சுப் பாத்து, நாலு பேரும் சுகமா வந்திட்டினம். அடுத்த ஞாயிறு கோயிலில அர்ச்சனை, பிறகு வீட்டில சாப்பாடு. இருபது பேர் இருக்கேக்க ரமணன் எழும்பி, "இந்த அண்ணை இல்லாட்டி நாங்கள் இண்டைக்கு இல்லை" எண்டார். எல்லாரும் கை தட்டிச்சினம். நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சன். கை தட்டுற ஒவ்வொருத்தரையும் பிடிச்சு நிப்பாட்ட வேணும் போல வெக்கமா இருந்தது.

எழும்பிக் குசினிக்குப் போனன். சுகந்தி பாயாசம் வார்த்துக்கொண்டு நிண்டா. "பிள்ளை, அலாம் விசயம்..." எண்டு துவங்கினன். அவ ஒரு கோப்பையை என்ர கையில தந்துபோட்டு, மெல்லமாச் சொன்னா:

"அவருக்கு நான் அதைச் சொல்லேல்லை அண்ணை, சொல்லவும் மாட்டன், ஆனா அண்டைக்கு நீங்கள் கழட்டச் சொல்லியிராட்டி நான் அந்த அலாமில கை வைச்சிருக்கவே மாட்டன்."

ஆகையால் சக துன்பசாலிகளே, தாளிக்கேக்க அலாம் கத்தினா கதவைத் திறந்து விட்டுப்போட்டு நீங்களும் சேர்ந்து இருமுங்கோ, கழட்டலாமோ எண்டு எங்கட ஆள் ஒருத்தனிட்டையும், முக்கியமா என்னட்டை, கேட்டுப்போடாதையுங்கோ.