ஓட்டை விழுந்த அரைக்கீரை

சசிரேகாவின் கண்ணைப் பற்றி வடக்குப்பட்டில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒன்பது வருஷம் கம்பெனிக்கு உழைத்த கண் அது. லென்ஸுக்குக் கீழே வந்து நிற்கும் சர்க்யூட் பலகையைப் பார்க்க வேண்டும். நல்லதென்றால் பச்சை ட்ரே, சொத்தையென்றால் சிவப்பு ட்ரே. ஒரு பலகைக்கு ஏழு விநாடி. வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. சிவப்பு ட்ரேயில் போட்டது யார் கைத்தவறு என்று ஒருநாள் கேட்டாள். சூப்பர்வைசர் அடுத்த பலகையைக் காட்டினார். அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

கான்ட்ராக்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. நிலம் கிடையாது. ஆனால் ஊரில் அப்போதுதான் ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். கம்பெனிகளுக்குப் போனது போக மிச்சமிருந்த நிலத்தில் காய்கறி போட்டுக்கொண்டிருந்த பதினோரு குடும்பங்கள் ஒரு பக்கம். சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹாஸ்டலில் தங்கி மூன்று ஷிப்டிலும் வேலைக்குப் போகும் அறுபது பெண்கள் இன்னொரு பக்கம். ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கத்திரிக்காய் போட்டுவிட்டு வியாபாரியின் வாயைப் பார்த்து நின்றார்கள். அந்தப் பெண்களோ தண்ணீர் சாம்பாரில் முட்டைக்கோஸ் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு கஷ்டத்துக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர்கூட இல்லை. அதைக் கண்டுபிடிக்க இத்தனை வருஷம் ஆனதுதான் வெட்கக்கேடு.

சங்கத்தில் விளைவிக்கிறவர்களுக்கும் ஓட்டு உண்டு, சாப்பிடுகிறவர்களுக்கும் உண்டு. விலையைப் போகம் தொடங்கும்போதே எல்லோரும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். நடுவில் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. யார் என்ன போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அரைக்கீரை என்று வந்தால் அரைக்கீரைதான், பக்கத்து வயல்காரர் வெண்டைக்காய் போடுகிறாரே என்று மூக்கால் அழக்கூடாது. பூச்சிமருந்து அடித்தால் ஒரு போகம் வெளியே உட்கார வேண்டும். இந்தக் கடைசி விதியை அடம்பிடித்துச் சேர்க்க வைத்தவள் சசிரேகா.

காலையில் வருகிற காயைத் தரம் பிரித்து ஆட்டோவில் ஏற்றும் வேலை சம்பளத்தோடு அவளுக்குக் கிடைத்தது. முதல் வாரமே படப்பைக்குப் போய்ப் பச்சையில் ஒன்றும் சிவப்பில் ஒன்றுமாக இரண்டு பிளாஸ்டிக் கூடை வாங்கி வந்தாள். சங்கத் தலைவர் எல்லப்பன், "கம்பெனி மாதிரியே கீது" என்று பெருமைப்பட்டார். சசிரேகாவுக்கும் பெருமைதான். சிவப்புக் கூடையில் விழுந்த கட்டு ஆட்டோவில் ஏறாது. அன்று மாலை அது கொண்டுவந்தவர் வீட்டு வாசலுக்குப் போய்விடும். ஏன் என்று அவர்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்தப் போகத்தில் அரைக்கீரைச் சீட்டு முனியம்மாளுக்கு விழுந்தது. அவளிடம் இருப்பது இருபது சென்ட், ஒரு கம்பெனியின் காம்பவுண்டு சுவரை ஒட்டி. புருஷன் போன பிறகு அவளையும் இரண்டு ஆட்டையும் காப்பாற்றிவருவது அதுதான். ஐம்பதை நெருங்கும் பெண், வேலையில் சுத்தம், வாயில் சிக்கனம். அவளுடைய கீரை மூன்று நாள் தொடர்ந்து சிவப்புக் கூடைக்குப் போனது. இலைக்கு நாலு ஓட்டை. மூன்று நாளும் ஆடுகள்தான் வயிறாரத் தின்றன.

ஒரு வாரம் கழித்து வந்த கட்டைப் பார்த்து சசிரேகாவே அசந்துபோனாள். ஒரு ஓட்டை இல்லை. "சூப்பர்க்கா" என்று பச்சைக் கூடையில் வைத்து ஆட்டோவை அனுப்பிவிட்டு, டீ குடிக்க உட்கார்ந்தாள். பாதி டம்ளரில் மனசுக்குள் ஏதோ இடித்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு குறைகூட இல்லாத பலகைக் கட்டு அவள் கைக்கு வந்ததே இல்லை. கீரையில் எப்படி வரும்? டீயை அப்படியே வைத்துவிட்டு முனியம்மாளின் நிலத்துக்கு நடந்தாள்.

வரப்பில் யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்பிரேயர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. முனியம்மாள் பொய் சொல்லவில்லை. துளிர்விட்டதிலிருந்து இரண்டு தடவை, கடைசியாக முந்தாநாள் அடித்தேன் என்றாள்.  சசிரேகா அங்கேயே நின்று ஹாஸ்டலுக்குப் போன் போட்டாள். மெஸ்ஸைக் கவனிக்கிற கவிப்பிரியா தென்காசிப் பக்கத்துப் பெண், நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். கீரையை இன்னும் அரியவில்லை என்றாள். சமைக்க வேண்டாம், அப்படியே கொட்டிவிடு என்றாள் சசிரேகா.

ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம். கவிப்பிரியா இன்னும் இரண்டு பெண்களோடு ஷேர் ஆட்டோவில் வந்திருந்தாள். முனியம்மாள் ஓரமாக, புடவைத் தலைப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு போகம் வெளியே என்றால் அவளுக்கு என்ன அர்த்தம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்; ஆட்டை விற்க வேண்டும், அப்புறம் கம்பெனியில் கக்கூஸ் கழுவ ஆள் எடுக்கிறார்களா என்று கேட்க வேண்டும். அப்படிப் போனவர்கள் யாரும் நிலத்துக்குத் திரும்பியதில்லை. எல்லப்பன் விதியைப் படித்துவிட்டு, சொல்ல எதுவும் இருக்கிறதா என்று கேட்டார்.

முனியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. சசிரேகாவைப் பார்த்தாள். "மூணு நாளு என் கட்டு திரும்பி வந்துச்சு. ஒரு நாளாவது இன்னா கொறைன்னு வாயத் தொறந்து சொன்னியா? எதுக்கு ஓட்டையாவுதுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சொவரு மேல ராப்பூரா லைட்டு எரியுது. ஊர்ல கீற பூச்சியெல்லாம் என் கொல்லையிலதான் எறங்குது."

 தினமும் அந்த வழியாகப் போகிறவர்கள்தான் எல்லோரும். அந்த வெளிச்சத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கும்போது ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கீரை போடவே கூடாத இடத்தில், நியாயம் என்று நினைத்துக்கொண்டு, கீரையைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கவிப்பிரியா மெதுவாகக் கேட்டாள்: "ஓட்ட கீரைய நாங்க வேண்டாம்னு சொல்லவே இல்லியேக்கா. எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

சசிரேகாவுக்கு முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. அறுபது பேர் சாப்பிடுகிற கீரைக்கு அவள் ஒருத்தியே கம்பெனியாக, சூப்பர்வைசராக, லென்ஸாக இருந்திருக்கிறாள். எழுந்து நின்றாள். விதியை வளைக்க வேண்டாம், அறுபது வயிறு இதில் இருக்கிறது என்றுதான் தொடங்கினாள். முனியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மருந்து அடிச்சது அக்காதான். அடிக்க வெச்சது நானு. அவங்க நெலம் ஒரு போகம் வெளிய இருக்கட்டும். அவங்க வெளிய போவ வேணாம். என் வேலைய அவங்களுக்குக் குடுங்க."

எல்லப்பன் உன் கதி என்ன என்று கேட்டார். வேறு ஏதாவது பார்த்துக்கொள்கிறேன் என்றாள். என்ன பார்ப்பாள் என்று அவளுக்கே தெரியாது. கூட்டம் நெடுநேரம் பேசியது. கடைசியில் வேலையை இரண்டாகப் பிரித்து இரண்டு பேருக்கும் கொடுப்பது என்றும், இனிமேல் சுவரோரத்து நிலங்களுக்கு மண்ணுக்குக் கீழே விளைகிற முள்ளங்கியும் கிழங்கும் தவிர வேறு சீட்டுக் கிடையாது என்றும் கை தூக்கி முடிவு செய்தார்கள். ஹாஸ்டல் பெண்களும் தூக்கினார்கள். சசிரேகா முனியம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மன்னித்துக்கொள் என்று சொல்லத் தெரியாமல் அழுதுவிட்டாள். முனியம்மாள் அவளைத் தேற்றவெல்லாம் இல்லை. "நான் வரேன். ஆனா திருப்புற கட்ட நானே எடுத்துக்கினு போவேன்" என்றாள்.

மறுநாள் காலையில் எல்லப்பனின் வெண்டைக்காய் வந்தது. அதில் பாதி முற்றல். சசிரேகா ஒன்றை ஒடித்துப் பார்த்தாள்; ஒடியவில்லை. முனியம்மாள் முற்றல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குக் கிளம்பினாள். காய் முற்றிப் போனதையும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொன்னாள். எல்லப்பன் முதலில் முறைத்தார். பிறகு கூலிக்கு ஆள் கிடைக்காமல் மூன்று நாளாகப் பறிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். முனியம்மாள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நாளைக்கு விடியற்காலையில் நானும் சசியும் வந்து பறிக்கிறோம் என்றாள்.