பாலம் வரும் வரைக்கும்

அலுவலகத்தில் அவருக்குச் சுரங்கம் என்று பெயர். தொழிலை வைத்து வந்த பட்டப்பெயர். கைப்பேசியில் நாம் பேசுவதெல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து, கோபுரத்துக்கும் கம்பெனியின் நுழைவாயில் கணினிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாய் வழியாகப் போய்வருகிறது. டனல், அதாவது சுரங்கம், என்பார்கள். பேசுகிற ஆள் நகர நகர, குழாயின் மறுமுனையை அவிழ்த்து அடுத்த கோபுரத்தில் கட்ட வேண்டும். அதைச் செய்கிற மென்பொருளைத்தான் அவர் பத்தொன்பது வருடமாகக் கட்டிக்கொண்டு அழுகிறார். கூடச் சேர்ந்தவர்கள் மேலாளர்களாகிக் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார்கள். இவர் இன்னும் ஜன்னலோர மேசையில்தான் இருக்கிறார்.

வீடு என்பது ஓர் அறையும் ஒரு சமையல் மேடையும்தான். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் துவைத்த துணி கிடக்கும். நான்கு வருடத்தில் அந்தத் துணியை யாருக்காகவும் எடுத்து ஒதுக்க வேண்டி வந்ததில்லை.

மனைவியும் மகளும் வேறு ஊரில். அடித்துப் பிடித்துச் சண்டை போட்டுப் பிரிந்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு கதை இருந்திருக்கும். அதுவும் இல்லை. மாற்றலில் இவர் முதலில் வந்தார், அவர்கள் பின்னால் வருவதாகப் பேச்சு. வரவில்லை. இவரும் ஏன் என்று கேட்கவில்லை.

மிச்சம் இருந்தது மகளின் தொலைபேசி அழைப்பு மட்டும். கல்லூரி விட்டு பஸ் ஏறியதும் நாலு நாற்பதுக்குக் கூப்பிடுவாள். இவர் ஆளில்லாத கூட்ட அறையாகப் பார்த்துப் புகுந்துகொள்வார். ஏழு நிமிடம் போகும். பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறியதும், "அப்பா? ஹலோ? கேக்கலப்பா!" என்பாள். இவருக்கு அவள் குரல் நன்றாகவே கேட்கும். "இருக்கேம்மா, இருக்கேன்!" என்று இவர் கத்துவது அங்கே போய்ச் சேராது. வைத்துவிடுவாள். பாலம் தாண்டியும் பஸ் இருபது நிமிடம் ஓடும், ஆனால் திரும்பக் கூப்பிடமாட்டாள். களைத்துப்போயிருக்கும் குழந்தை என்று அவரே அவளுக்காகச் சமாதானம் சொல்லிக்கொள்வார். அந்த இருபது நிமிடத்துக்காக மனிதர் ஏங்கிப்போனார்.

ஒருநாள் பழைய புகார்களைப் புரட்டினால், அதே பாலத்தைப் பற்றிய புகார் ஒன்று எட்டு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மகள் ஊரின் தொலைபேசிக் கம்பெனி ஓட்டுவது இவர்கள் மென்பொருளைத்தான். பாலத்தில் ஒருபக்கக் குரல் போய்விடுகிறது, அரை நிமிடத்தில் தானே வருகிறது என்று எழுதியிருந்தார்கள்.

"அதான் தானா சரியாயிடுதே, இதுக்கு எதுக்கு மெனக்கெடணும்?" என்றார் குழுத்தலைவி. இவரைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"அரை நிமிஷம் யாரு மேடம் காத்துக்கிட்டு இருப்பாங்க? வெச்சிட்டுப் போயிடறாங்க."

"தெரிஞ்சவங்க யாராவதா?"

"எம் பொண்ணு."

குழுத்தலைவி காலண்டரைத் திருப்பினார். "ரெண்டு வாரம். அதுக்கு மேல கேக்காதீங்க."

ஒன்பதாம் நாள் பிடிபட்டது. ஒவ்வொரு கோபுரமும் தன் பக்கக் குழாய்களுக்குத் தானே எண் போட்டுக்கொள்ளும். ஆற்றின் இரு கரையிலும் ஆள் நடமாட்டம் குறைவு. அதனால் இரண்டு கோபுரங்களும் சின்ன எண்களாகவே கொடுத்தன, அடிக்கடி ஒரே எண்ணையே கொடுத்தன. நுழைவாயில் கணினி எண்ணை மட்டும் பார்த்து, 'அதே குழாய்தான், மாற்ற ஒன்றுமில்லை' என்று பழைய கோபுரத்துக்கே குரலை அனுப்பிக்கொண்டிருந்தது. தெருப் பெயரைப் பார்க்காமல் கதவு எண்ணை மட்டும் பார்த்துக் கடிதம் போடுகிற தபால்காரர் கதைதான்.

அந்த வரியை எந்த மகராசன் எழுதியது என்று பார்த்தார். அவரேதான். பதினேழு வருடத்துக்கு முன், மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது எழுதியது. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எழுதியிருப்பேனோ என்று யோசித்தார். அந்த வருடங்களில் அவர் நேரத்தோடு வீட்டுக்குப் போனதே இல்லை.

திருத்தம் இரண்டே வரி. சோதனை, ஒப்புதல் எல்லாம் முடிந்து அந்த ஊருக்குப் போய்ச் சேர ஐந்து வாரம் ஆயிற்று. மகளிடம் மூச்சு விடவில்லை. பாலத்தின் நடுவே வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆசை.

திருத்தம் போய்ச் சேர்ந்த அன்றைக்கு நாலு நாற்பதுக்குக் கூப்பிட்டாள். பரீட்சை, மழை, அம்மாவின் முட்டிவலி. பிறகு சக்கரங்களின் சத்தம் மாறியது, பாலம்.

"பஸ்ல கூட்டமா பாப்பா?"

"ஆமாப்பா, நின்னுட்டுதான் வர்றேன்."

கேட்டுவிட்டது! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல நினைத்ததை விட்டுவிட்டு, நான்கு வருடமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டார்.

"அடுத்த மாசம் நாலு நாள் லீவு போட்டு அங்க வரட்டுமா?"

வண்டி ஓசை, யாரோ சிரிப்பது, அவள் மூச்சு விடுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

"அப்பா? ஹலோ? கேக்கலப்பா... பாலம் வந்துடுச்சு."

சரிசெய்துவிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தார்.

"எனக்கும் சரியா கேக்கலம்மா. வெச்சிடு."

"சரிப்பா," என்றாள்.

மேசைக்குத் திரும்பிப் புகாரை மூடினார். "பாலம் எப்படி இருக்கு?" என்று குழுத்தலைவி எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"சுத்தமா இருக்கு மேடம். நானே கேட்டுப் பார்த்துட்டேன்."

மறுநாள் நாலு நாற்பதுக்கு மகள் கூப்பிட்டாள். இவர் லீவுப் பேச்சை எடுக்கவில்லை. ஆறாவது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பாலம் வரப்போகுதும்மா," என்று அவரே சொன்னார்.