கடைசிச் சுற்றைக் கேட்டவர்

தஞ்சாவூர் நாளிதழ் ஒன்றில் கல்லூரி விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறேன். எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் ஜெயித்த செல்வியைப் பாராட்டி எழுதினேன். மறுவாரமே லாரி மோதி இறந்துபோனாள்.

துக்கம் விசாரிக்கப் போனபோது அவளுடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எப்பப் பாத்தாலும் வயல் வேலைங்க. புள்ள ஓடி ஒரு தடவகூட பாக்கல. எப்படிங்க ஓடுவா?”

கடைசிச் சுற்றில், பின்னாலிருந்து எல்லோரையும் அவள் முந்தியதைச் சொன்னேன். கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

மறுபடி சொல்லும்போது பாதியில் என் மகள் நினைவுக்கு வந்தாள். அவள் பள்ளியில் கபடி ஆடுகிறாள். ஒரு ஆட்டம்கூட நான் பார்த்ததில்லை.

இப்போது தவறாமல் போகிறேன். அவள் எதிரணிப் பக்கம் ‘கபடி கபடி’ என்று பாடிப் போய்த் திரும்பி வரும்வரை, எனக்கு மூச்சே வருவதில்லை.