இவர் என்றால் எவர்

கணினி வலையமைப்பு படிப்பித்தே என் பாதி ஆயுள் போய்விட்டது. ஒவ்வொரு வருடமும் ஒரே பாடம். தூரத்தில் இருக்கும் கணினியோடு பேசவேண்டுமானால் முதலில் அதன் முகவரி வேண்டும். முகவரி வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். உள்ளே எத்தனையோ நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் எதற்கு என்று சொல்ல இன்னொரு இலக்கம் வேண்டும், அதைப் போர்ட் என்கிறார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று விசாரிக்கும். "இருக்கிறாயா?" "இருக்கிறேன், கேட்கிறதா?" "கேட்கிறது." அவ்வளவுதான், இணைப்புக் கிடைத்துவிடும். "மற்றப் பக்கம் இருக்கிறது நாங்கள் தேடின ஆள்தானோ எண்டு இதிலை தெரியுமா, மிஸ்?" என்று பின்வரிசை வாங்கில் இருந்து யாராவது கேட்பார்கள். தெரியாது. யாரோ ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு வாய் கசக்கும்.

எண்பதுகளின் நடுவில் அப்பா கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். ஜெர்மனிக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் இன்று, நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தான். நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் புங்குடுதீவில், இறுப்பிட்டி என்ற ஊரில். அப்போதுதான் அம்மாவின் மார்பில் ஒரு கட்டி வந்தது. யாழ்ப்பாணத்தில் பார்த்த டொக்டர், சுணங்காமல் வெட்டி எடுக்கவேண்டும், வீட்டுக்காரரை வந்து கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள் என்றார். எனக்குப் பத்தொன்பது வயது, கையெழுத்தை நானே வைத்திருப்பேன். அம்மாவுக்கு வேண்டியது கையெழுத்தல்ல, அப்பா.

தபாற்கந்தோரில் ஒரு தொலைபேசி இருந்தது. கைபிடியைச் சுழற்றினால் ஊர்காவற்றுறை எக்ஸ்சேஞ்ச் எடுக்கும். ஊர்காவற்றுறை யாழ்ப்பாணத்தைக் கூப்பிடும், யாழ்ப்பாணம் கொழும்பைக் கூப்பிடும். இத்தனை கை மாறிப் போய்ச் சேரும்போது குரல் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகியிருக்கும். தபாலதிபர் புதிதாக மாற்றலாகி வந்தவர், எங்களைத் தெரியாது.

"ஆளின்ரை பேர் குடுத்து எடுக்கிறியளோ அக்கா, இல்லாட்டிச் சும்மா நம்பருக்கோ? பேர் குடுத்தால் அந்த ஆள் வந்தால்தான் லைன் தருவினம்."

"நம்பர் மட்டும் காணும்" என்றார் அம்மா.

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டார். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுக்க, எந்தப் பெண்ணும் புருஷனின் பெயரைச் சொன்னதில்லை; சொன்னால் அவருக்கு ஆயுள் குறையுமாம். "இவர்" என்றால் போதும், கேட்பவர் விளங்கிக்கொள்ளவேண்டும். நயினாதீவு அம்மனுக்கு அர்ச்சனை செய்யும்போது ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்பார். அம்மா என் முதுகில் தட்டி, "கொப்பற்றை பேரைச் சொல்லு" என்பார். அப்பாவின் பெயரை நான்தான் சொல்லவேண்டும். பேச்சு வந்த நாளிலிருந்து அது என் வேலை.

லைன் கிடைத்தது. மறுமுனையில் இருந்தவன் கத்தியது எனக்கும் கேட்டது.

"ஆர் வேணும்?"

"இவரை ஒருக்காக் கூப்பிடுங்கோ" என்றார் அம்மா.

"எவரை? இஞ்சை தீவுப்பக்கத்து ஆக்களே முப்பது பேர் கிடக்கினம். பேரைச் சொல்லுங்கோ!"

அம்மா என் முதுகில் தட்டினார்.

நான் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தபாற்கட்டண அட்டவணையை வாசிப்பதுபோல் நின்றேன். எனக்கு அப்பா ஜெர்மனிக்குப் போகவேண்டும். அவர் போனால் அடுத்தது நான் என்று வீட்டில் பேச்சு. அம்மாவின் பயத்தை நான் பாசாங்கு என்று நினைத்தேன். அவ்வளவு கல்நெஞ்சுக்காரியாக இருந்தேன், அதை மெழுகிச் சொல்ல எனக்கு இப்போது மனமில்லை. அம்மா இன்னொரு தரம் தட்டினார். பிறகு தானே சொன்னார்.

"இறுப்பிட்டி ஆள்."

யாரோ படியிறங்கி வந்து ரிசீவரை எடுத்தார்.

"இஞ்சாருங்கோ, நான்தான்" என்றார் அம்மா.

"இஞ்சாரும், சொல்லும்" என்றது கட்டெறும்புக் குரல்.

எங்கள் ஊரில் புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் அழைப்பதற்கு இதற்கு மேல் ஒன்றும் கிடையாது. இருவருக்கும் அது போதுமாக இருந்தது. அம்மா கட்டியைச் சொன்னார், டொக்டர் சொன்னதைச் சொன்னார். "எனக்குப் பயமாக் கிடக்கு. போகாதேங்கோ. வாங்கோ" என்று அழுதார். "ஓம், ஓம், யோசியாதையும், நான் வாறன்" என்று பதில் வந்தது. அவ்வளவோடு லைன் அறுந்துவிட்டது. வீட்டுக்கு வந்த அம்மா அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம் பஸ்ஸுக்கு நானும் அம்மாவும் போய் நின்றோம். இறங்கியது அப்பா இல்லை. எங்கள் ஒழுங்கையின் மற்ற முனையில் இருக்கும் ஒருவர், அதே லொட்ஜில் அதே ஏஜென்சிக்குக் காத்திருந்தவர். தோளில் பையோடு நேரே அம்மாவிடம் ஓடிவந்தார்.

"அக்கா, இவளுக்கு எப்பிடி இருக்கு? ஒப்பரேசன் முடிஞ்சுதோ?"

அவருடைய "இவள்" அந்த நேரம் கிணற்றடியில் நின்று கல் மாதிரி உடம்போடு தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று ஊர் பிறகு வருடக்கணக்காகச் சிரித்தது. பயணத்தை விட்டுவிட்டு ஓடிவந்ததற்காக அவள் அந்த மனிதரைத் திட்டாத திட்டில்லை. எனக்கு அவரை நினைத்தால் இன்றும் பொறாமையாக இருக்கிறது. பெண்சாதி அழுதாள் என்று ஜெர்மனியையே விட்டுவிட்டு வந்த மனிதர். அப்பாவின் காதில் விழுந்திருந்தால் அவர் வந்திருப்பாரா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அடைத்தவள் நான்.

அம்மா அந்த மனிதரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார், நடை ஓட்டமாயிற்று. தபாற்கந்தோர் பூட்டுகிற நேரம். தபாலதிபர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கைபிடியைச் சுழற்றினார். முக்கால் மணித்தியாலம் கழித்து லைன் வந்தது. மறுமுனை கேட்பதற்கு முன்பே அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரோடு முழுதாக, நிறுத்தி நிறுத்தி, மூன்று தரம் சொன்னார். அம்மாவின் வாயில் அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன்.

"அவர் விடியவே பிளைட்டுக்குப் போயிட்டாரே" என்றான் லொட்ஜ்காரன்.

அம்மா ரிசீவரை வைத்தார். அழவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"உனக்குக் கொப்பற்றை பேர் தெரியுந்தானே?"

"ஓம்" என்றேன்.