ராஜாவுக்கு நூற்றெட்டுக் குடம்

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தியாவில் ஒரு ராஜ்ஜியத்தைத் தொடங்கிவைத்த முதல் ராஜாவுக்கு இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விழா எடுத்தார்கள். பதுளையிலிருந்து லொறியில் இடுப்புயரச் சிமெந்துச் சிலை வந்து இறங்கியது. சிலைக்கு முடிசூட்டு விழாவாம், அதற்கு நூற்றெட்டுக் குடம் தண்ணீர் அபிஷேகமாம்.

காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்திலேயே, யார் யார் குடம் தூக்குவது என்று விழாக் கமிட்டித் தலைவர் வாசித்தார். என் பேரும் இருந்தது. தலையாட்டினேன். அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அது காற்றும் வறட்சியுமான மாதம். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு இருந்தது ஒரே பீலி. மலையிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாளிலிருந்தே வந்த தண்ணீரையெல்லாம் பிடித்து, விழா நாள் விடியற்காலையில் மைதானத்தில் வரிசையாக வைத்தோம். என் குடத்துக்கும் பொட்டு வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தால், மகள் பிள்ளையோடு வாசலில் நிற்கிறாள். மறுநாள்தான் விடுவார்கள் என்றிருந்தேன். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லையென்று முதல் பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டார்களாம். பிள்ளை பெற்று மூன்று நாள். உடம்பெல்லாம் வியர்வையும் பால் வாடையும். "அம்மா, கொஞ்சம் சுடுதண்ணி வச்சுக் குடும்மா" என்றாள். வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் இல்லை. பீலிக்கு ஓடினேன். சொட்டுகூட இல்லை.

நேரே மைதானத்துக்குப் போய் என் குடத்தைத் தூக்கினேன். தலைவர் குறுக்கே வந்தார்.

"என்னக்கா செய்றீங்க? நூத்தெட்டுல ஒண்ணு கொறைஞ்சா அபசகுனம். அவரு நம்ம ராஜாங்க!"

"ஒங்க ராஜா ஆயிரம் வருஷம் குளிக்காம இருந்துட்டாருங்க. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும். எம்மக இருக்க மாட்டா."

"ஒரு குடத்துக்காக இப்படி அசிங்கப்படுத்துறீங்களே!"

"அசிங்கமா? பெத்த ஒடம்போட வாசல்ல நிக்கிறாளே, அதுதாங்க அசிங்கம். நகருங்க!"

சுற்றி நின்றவர்கள் குடங்களின் வரிசையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்கள். என்னோடு கொழுந்து பறிக்கிறவர்கள்தான் எல்லாரும். தலைவர்மேல் வந்ததைவிட அவர்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

அடுப்பை மூட்டிச் சுடவைத்து மகளுக்கு ஊற்றினேன். பிள்ளையைத் துடைக்கத் தண்ணீர் போதவில்லை. அப்போது மைக்கில் தலைவரின் குரல் லயமெல்லாம் கேட்டது. அந்த ராஜாவின் ஆட்சியில் தண்ணீர் இல்லாத வீடே கிடையாதாம். கைதட்டினார்கள்.

நான் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடியும் மைதானத்துக்குப் போனேன்.