இருபது விநாடி நெரெய்தா

நெரெய்தாவை அசையாமல் உட்கார வைத்துப் படம் எடுத்தவர் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. ஞானஸ்நானப் படத்திலேயே அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ கலங்கித் தெரியும். என் சின்னம்மா ஒஃபேலியாவின் ஒரே மகள். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள், அந்த இரண்டு மாதத்தை வைத்துக்கொண்டு இன்றுவரை என்னை அதட்டுகிறாள். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அவள் கால் ஆடுகிற ஆட்டத்தில் எதிரே இருப்பவனின் போசோலே சூப் சட்டையில் சிந்தும். சுவிட்ச் கெட்டுப்போன ஃபேன் என்று என் அப்பா சொல்வார்.

எங்கள் யாக்கிமா பள்ளத்தாக்கில் ஏப்ரலில் ஆஸ்பராகஸ், ஜூனில் செர்ரி, பிறகு பீருக்குப் போடும் ஹாப்ஸ், ஆப்பிள் என்று வேலை ஓயாது. தெருவில் பாதிப் பேர் தெற்கு எல்லைக்கு அப்பால் மிச்சோவாகானில் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள், வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். வேலைக்குப் போகிறவர்களுக்கு இங்கிலீஷ் கற்க நேரமில்லை, அதனால் எட்டு வயதிலேயே நெரெய்தா தெருவுக்கு வாயாகிவிட்டாள். கிளினிக், பள்ளிக்கூடம், வீட்டு ஓனரோடு சண்டை, எல்லாவற்றுக்கும் அவளைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் தெருக் கிழவர் டான் ஃபெர்மின் தன் வயிற்றுவலியைத் தம்பி கல்யாணத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்வார். அவள் முழுவதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பி, "இடது பக்கம், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து" என்பாள். டாக்டருக்கு அவளைக் கண்டால் உயிர்.

அதையே தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளர் படிப்பு செப்டம்பரில் தொடங்கும். நேராக இடம் வேண்டுமென்றால் பன்னிரண்டாம் வகுப்பில், கல்லூரித் தரத்தில் நாடு முழுக்க நடக்கும் ஏ.பி. ஸ்பானிஷ் பரீட்சையில் ஐந்துக்கு நாலு வாங்க வேண்டும். மூன்று வந்தாலே பாஸ் என்பார்கள், ஆனால் அந்தக் கல்லூரிக்கு அது போதாது. நாலு வராவிட்டால் ஒரு வருஷம் பழக் கிடங்கில் நின்று ஆப்பிள் பொறுக்கிவிட்டு மறுபடி முயல வேண்டும். எங்கள் தெருவில் அப்படி ஒரு வருஷத்துக்கென்று கிடங்குக்குள் போன பெண்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள். சின்னம்மாவும் அவர்களில் ஒருத்தி, ஏப்ரல் வந்தால் மட்டும் ஆஸ்பராகஸ் வயலுக்குப் போவாள்.

"ஸ்பானிஷ்ல பரீட்சையா? இவளுக்கா? மீனுக்கு நீச்சல் பரீட்சை வைக்கற மாதிரி இருக்கு" என்று தெருவே சிரித்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது. வகுப்பில் என் பெயரும் இருந்தது. என் ஸ்பானிஷ் பாதி ஓட்டை, பாதி இங்கிலீஷ். நெரெய்தா பாஸாவதைப் பார்க்கத்தான் சேர்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் பெயர் பிராண்ட்வோல்ட். மின்னசோட்டா மாநிலத்துக்காரி, கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், ஸ்பெயினுக்குப் போய் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவள். நாங்கள் வைத்த பெயர் வைக்கிங். வந்ததும் வராததுமாகப் பலகையில் மார்க் கணக்கை எழுதிப்போட்டாள். வாசித்துப் புரிந்துகொள்வதும் கேட்டுப் புரிந்துகொள்வதும் சேர்ந்து பாதி. மீதிப் பாதி நாலு துண்டு: ஒரு மின்னஞ்சல், ஒரு கட்டுரை, ஓர் உரையாடல், ஒரு சின்னப் பேச்சு. நாலுக்கும் ஒரே எடை. உரையாடல் என்றால் ஆளோடு பேசுவதில்லை. ஹெட்போனில் பதிவு செய்த ஒரு குரல் ஏதாவது கேட்கும், டிங் என்று மணி அடிக்கும், இருபது விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுபடி டிங். இப்படி ஐந்து முறை.

பயிற்சிக்கு வந்த குரலின் பெயர் கிரசியேலா. "ஹலோ, நான் கிரசியேலா. ஸ்கூல் விழாவுல சாப்பாட்டுக் கடை போடப் போறோம். என்ன விக்கலாம்னு நினைக்கிற?"

டீச்சர் எங்கள் பதிவுகளை வகுப்பில் போட்டுக் காட்டினாள். நெரெய்தாவின் குரல் தேன் மாதிரி வந்தது.

"கிரசியேலா! எப்படிடி இருக்க? உன் குரலைக் கேட்டே எவ்ளோ நாளாச்சு! வீட்ல எல்லாரும் சௌக்கியமா? அம்மா எப்படி இருக்காங்க, போன தடவை உடம்புக்கு முடியலன்னு..." டிங்.

"நல்ல யோசனை!" என்றது கிரசியேலா. "சரி, யாரையெல்லாம் உதவிக்குக் கூப்பிடலாம்?"

"இரு இரு, அம்மாவைப் பத்தி நீ ஒண்ணுமே சொல்லலையே. டாக்டர்கிட்டப் போனாங்களா..." டிங்.

வகுப்பு உருண்டு உருண்டு சிரித்தது. கடையில் என்ன விற்பது என்று அவள் கடைசிவரை சொல்லவே இல்லை. ஐந்துக்கு ஒன்று. "டமாலே விப்போம். எங்க அம்மா செய்வாங்க. நல்லா இருக்கும்" என்று முழுங்கி முழுங்கிச் சொன்ன எனக்கு மூன்று. நெரெய்தா என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சோளமாவு டமாலே வெந்திருக்கும்.

வகுப்பு முடிந்ததும் டீச்சரை மறித்துக்கொண்டாள். "டீச்சர், எங்கூர்ல வந்ததும் விஷயத்துக்கு வர்றவன் போலீஸ்காரன்தான். நலம் விசாரிக்காம பேசினா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

"எனக்குப் புரியுது" என்றாள் டீச்சர். "ஆனா நான் ஒரு ஜூன் மாசம் போய் இந்தப் பரீட்சையைத் திருத்தியிருக்கேன் நெரெய்தா. பெரிய ஹால். காதுல ஹெட்போன். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அதே கேள்வி, பதில் சொல்ற பிள்ளைங்கதான் மாறும். கேட்டதுக்குப் பதில் இருக்கா, விளக்கிச் சொல்றாளா, பேச்சு தடைபடாம போகுதா, அதுக்குத்தான் மார்க். உன் குரல் எனக்குப் பிடிச்சிருக்குன்னு போட முடியாது."

"கிரசியேலாவுக்கு அம்மா இருக்காங்களான்னு கூட யாரும் யோசிக்கலையா?"

"கிரசியேலாவே கிடையாதும்மா."

"அது அவ தப்பில்லையே!" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பஸ்ஸில் நான் கேட்டேன். "டாக்டர்கிட்ட மூணே வார்த்தையில சொல்றியே. அதையே இங்க பண்ணேன்."

"அது இங்கிலீஷ்டா உரியேல். இங்கிலீஷ்ல நான் வேலை பார்க்கறேன். ஸ்பானிஷ்ல மனுஷங்ககிட்டப் பேசறேன். ரெண்டும் ஒண்ணா?"

வீட்டில் சின்னம்மா விஷயத்தைக் கேட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த ஒட்டகச்சிவிங்கி என் மகளுக்கு ஸ்பானிஷ்ல ஒண்ணு போட்டாளா? யார்கிட்டக் கத்துக்கிட்டா அவ? என்னை அவகிட்டக் கூட்டிட்டுப் போ. யார் யாருக்கு மார்க் போடறதுன்னு பார்த்துடலாம்."

"அம்மா, எனக்கு நாலு வேணும். சண்டை வேணாம்."

அன்றிலிருந்துதான் மைக்ரோவேவ் பயிற்சி தொடங்கியது. சமையலறையில் வேறு மணி இல்லாததால், ஒரு கப் தண்ணீரை உள்ளே வைத்து, இருபது விநாடி அழுத்திவிட்டுப் பேசுவாள். நான்தான் கிரசியேலா. டிங் அடிப்பதற்குள் முடித்தால் சரி, முடிக்காவிட்டால் மறுபடி. சாயங்காலத்துக்குள் கப்பில் தண்ணீர் கொதிக்கும். ஆரம்பத்தில் தவித்துப்போனாள். 'எப்படி இருக்க' என்று வாயில் வந்ததைக் கடித்து விழுங்குவாள், கண்ணில் நீர் முட்டும், கால் ஆடும், எழுந்து நாலு சுற்று நடப்பாள், மறுபடி அழுத்துவாள். அவள் நடக்கிற நடையில் எனக்கே தலை சுற்றியது.

பிறகு பழகிவிட்டது. அதுதான் வினையாகிப்போனது. அவள் எதையும் பாதி கற்கிற ஜாதி இல்லை. மாதா கோயில் வாசலில் டான் ஃபெர்மின், "மகளே, உங்கம்மா எப்படி இருக்கா?" என்று ஆரம்பித்தால், "நல்லா இருக்காங்க. உங்க அடுத்த டாக்டர் தேதி வியாழக்கிழமை. நான் வர்றேன். வேறென்ன?" என்று முடித்துவிடுவாள். கிழவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

ஒருநாள் ஆஸ்பராகஸ் வெட்டிவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு வந்த சின்னம்மா, நாற்காலியில் சாய்ந்தபடி, "இன்னிக்கு வயல்ல என்ன ஆச்சு தெரியுமா, அந்த மேஸ்திரி இருக்கானே..." என்று ஆரம்பித்தாள்.

"விஷயம் என்னம்மா?" என்றாள் நெரெய்தா.

சின்னம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "என்னடி, எனக்கே தந்தி அடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மேஸ்திரிக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து பழி வாங்கல் தொடங்கியது. நெரெய்தா சமையலறையில் வாயைத் திறந்தால் போதும், சின்னம்மா எழுந்துபோய் மைக்ரோவேவில் இருபது அழுத்துவாள். அது ஓடும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பாள். டிங் அடித்ததும் "முடிஞ்சுது" என்று பாத்திரத்தைக் கழுவப் போய்விடுவாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். இரண்டு வாரம் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் இருபது இருபது விநாடியாகக் குடித்தனம் நடத்துவதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. சின்னம்மா அழுதிருந்த நாட்களும் உண்டு. வெங்காயம் என்பாள், அடுப்பில் வெங்காயமே இருக்காது.

மே மாதம் பரீட்சை அன்று பள்ளத்தாக்கில் புழுதிக்காற்று. பள்ளி நூலகத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். வாசிப்பு, கேட்பு, எழுத்து எல்லாம் முடிந்து, ஹெட்போனை மாட்டச் சொன்னபோது நெரெய்தாவின் மேஜை அதிர்வது என் மேஜைவரை தெரிந்தது.

முடிந்து வெளியே வந்தவள் கார் நிறுத்துமிடத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். முகம் சுண்ணாம்பு பூசியது போல இருந்தது.

"நாலு கேள்வியும் கச்சிதமா சொன்னேன்டா. அஞ்சாவதுல விடைபெறணும். சனிக்கிழமை வரேன், எங்க சந்திக்கலாம், எல்லாம் சொல்லிட்டேன். மணி அடிக்கல. இன்னும் நேரம் இருந்துது. சும்மா இருந்தா மார்க் போயிடும்னு டீச்சர் சொன்னாங்கல்ல..."

"அதனால?"

"உங்கம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டுட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அதற்கும் முதுகில் ஒன்று விழுந்தது.

பிறகு வந்த வாரங்களை நான் மறக்க விரும்புகிறேன். டீச்சரிடம் கேட்டோம். "விடைபெறும்போது கேக்கறது இயல்புதான். ஆனா திருத்தறவரைப் பொறுத்தது" என்று அவளும் கையை விரித்தாள். ஜூனில் செர்ரி பறிக்கும்போது நெரெய்தா ஏணியில் ஏறி இறங்கிய வேகத்தில் மரமே பயந்தது. எங்கேயோ ஒரு ஹாலில், ஹெட்போன் மாட்டிய யாரோ ஒருவர் இந்த நிமிஷம் தன் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பு அவளை அரித்தது. "அவருக்கு அம்மா இருப்பாங்கல்லடா?" என்று மரத்தின் மேலிருந்து கத்துவாள். கிடங்கில் ஆள் எடுக்கும் காலம் வந்தது. சின்னம்மா கிடங்கில் போடும் தன்னுடைய பழைய ரப்பர் பூட்ஸைத் துடைத்துக் கதவருகே வைத்தாள். நெரெய்தா அதைத் தாண்டித் தாண்டிப் போனாள், காலில் போட்டுப் பார்க்கவே இல்லை.

ஜூலையில் மார்க் வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் அவர்கள் வீட்டு வாசலில் நின்று என்னுடையதைத் திறந்தேன், மூன்று. அவள் போனை என்னிடம் நீட்டி, "நீ பாரு, எனக்குக் கண்ணு தெரியல" என்றாள். பார்த்தேன். சொல்ல வாயெடுப்பதற்குள் பிடுங்கித் தானே பார்த்துவிட்டாள்.

"நாலு! அம்மா! நாலு!"

கத்திக்கொண்டே சமையலறைக்குள் ஓடினாள், பின்னாலேயே நானும். சின்னம்மா பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு, பழக்கத்தில், நேராக மைக்ரோவேவ் பக்கம் நடந்தாள். நெரெய்தா அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகம் விழுந்ததைப் பார்த்தபோது சின்னம்மாவின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

சின்னம்மா மைக்ரோவேவுக்குப் பின்னால் கையை விட்டு, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். ஒயரைச் சுருட்டி அதன் தலைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப பேசு" என்றாள்.

நெரெய்தா எதிரே உட்கார்ந்தாள். நான் குனிந்து பார்த்தேன். மேஜைக்கு அடியில் அவள் கால் ஆடவில்லை. கல்லூரி, செப்டம்பர், இடம், சொல்ல எவ்வளவோ இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டாள். "முதுகு எப்படி இருக்கு? அன்னிக்கு வயல்ல மேஸ்திரிக்கு என்னதான் ஆச்சு?"

சின்னம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு, மேஸ்திரியின் மைத்துனனிலிருந்து கதையை ஆரம்பித்தாள். அடுப்பில் பீன்ஸ் தீயும் வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.