வற்றிய அருவியில் எங்கள் கழகம்

பின்னால் பஸ் வரும் சத்தம் கேட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. கையிலிருக்கும் தூக்குவாளியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டுவேன். நான் ஏறவில்லை, நீங்கள் போகலாம் என்று அதற்குப் பொருள். குற்றாலம் சாலையில் ஓடும் பஸ்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். போன மாதம் ஒரு காலையில் வாளியைக் காட்டிய பிறகும் பஸ் நின்றது. கண்டக்டர் சுப்பையா இறங்கி வந்தார்.

"இன்னிக்கு ஏறிக்கிடுங்க டீச்சர்."

"ஏன்யா? நல்லாத்தான நடக்கேன்."

"எஸ்தர் டீச்சர் தவறிட்டாவளாம். அவுக அண்ணன் மகன் நேத்து திருநெல்வேலி ஜங்ஷன்ல பாத்துச் சொன்னாரு. அடக்கமும் ஆயிட்டாம்."

ஏறி உட்கார்ந்தேன். வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஏதாவது செய்தி வந்தால் நான் முதலில் எஸ்தரிடம்தான் சொல்வேன். அவள் செய்தியை யாரிடம் சொல்வது?

நம் பள்ளியில் படித்த உங்களுக்கெல்லாம் அவர் டிரில் டீச்சர். வெள்ளைச் சேலை, கழுத்தில் விசில், வெயிலில் கறுத்த முகம். எனக்கு எஸ்தர். அவள் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அணா போய் நயா பைசா வருவதற்கு முந்திய வருடம், பள்ளிக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து என் வலது கால் முறிந்தது. மாதக்கணக்கில் கட்டுப் போட்டிருந்து பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் முழங்கால் மடங்கவில்லை. கோடை விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடந்த வகுப்பறைக் கதவை ஜூன் மாதம் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? உடைந்திருக்காது, அசையவும் அசையாது. அப்படி இருந்தது என் கால்.

தலைமையாசிரியை வீட்டுக்கு வந்து பார்த்தார். "லீவெல்லாம் தீந்துட்டு டீச்சர். ஸ்கூல் தெறக்கும்போது நின்னு பாடம் நடத்த முடியலன்னா, நான் வேற ஆளத்தான் கேக்கணும்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்குக் கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. பூகோள வகுப்பு ஒன்றுதான் இருந்தது. அதுவும் போனால் தம்பி வீட்டு அடுக்களையில் ஒரு மூலைதான்.

டாக்டர் தேகப் பயிற்சி செய்யச் சொன்னார். அன்று சாயங்காலமே எஸ்தர் என்னைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்குப் பின்னாலிருந்த தேகப் பயிற்சிக் கழகத்துக்கு அழைத்துப் போனாள். காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு இடம் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். கழகத்துப் பெரியவர் சிரித்தார்.

"பொம்பளையளுக்கு எதுக்கும்மா கழகம்? வீட்டுல ஆட்டுரல் இல்லையா?"

"இருக்கு அண்ணாச்சி. உங்க பயலுவள நாளைக்கே அனுப்பி வைங்க. மாவும் ஆட்டுன மாதிரி இருக்கும், புஜமும் வச்ச மாதிரி இருக்கும்."

உள்ளே தண்டால் எடுத்துக்கொண்டிருந்த ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் குப்புற விழுந்தான். பெரியவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இடம் கிடைக்கவில்லை. வெளியே வந்ததும் எஸ்தர் சொன்னாள்: "போட்டும் ஏட்டி. கூரைக்கு அடியிலதான் பலம் வருமா? மேக்க பாரு, எம்புட்டு இடம் சும்மா கெடக்கு!"

மறுநாள் விடியலில் நடக்கத் தொடங்கினோம். தெருமுனை போவதற்குள் எத்தனை கேள்விகள்! "யாருக்கு என்ன டீச்சர்? ஆஸ்பத்திரிக்கா?" என்றார்கள். மாட்டுவண்டிக்காரர் நிறுத்தி ஏறச் சொன்னார். காரணம் இல்லாமல் ஒரு பெண் நடப்பாள் என்று எங்கள் ஊரில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அடுத்த நாள் எஸ்தர் ஒரு தூக்குவாளியோடு வந்தாள். "இனி ஒருத்தரும் கேக்க மாட்டாவ. நாம பாலுக்குப் போறோம்" என்றாள். அப்படியே நடந்தது. காலி வாளி ஒன்று எங்களுக்குச் சாலையைத் திறந்துவிட்டது.

ஆனால் மேலகரத்தில் மாடு வைத்திருந்த முப்பிடாதி அக்காவின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"ஏ டீச்சரம்மா! தெனமும் வெறும் வாளியோட போறிய, வெறும் வாளியோட வாரிய. ஒரு வீட்டுலயும் பால் ஊத்த மாட்டேங்காவளா? நல்ல சனங்க! இங்கன வாங்க."

வாளி நிறைய மோர் ஊற்றிவிட்டாள். உண்மையைச் சொன்னால் மறுநாள் முதல் நடக்க முடியாது. அதனால் வாங்கிக்கொண்டோம். தளும்பும் வாளியை மாற்றி மாற்றித் தூக்கி வரும்போது எஸ்தர் சொன்னாள்: "போகையில காலுக்கு, வரையில கைக்கு. அந்தக் கழகத்துல இது உண்டாட்டி?"

மே மாத நடுவில் குற்றாலத்தையே எட்டிவிட்டோம். கோடைக் குற்றாலத்தை அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டிச் சாரலைக் கொண்டு வரும்வரை அங்கே வெறும் பாறைதான். கடைகள் அடைத்திருக்கும். குரங்குகள்கூட வேறு பக்கம் போயிருக்கும். சீசனில் குளிப்பவர்கள் பிடித்துக்கொள்வதற்காக அருவியடியில் நட்டிருந்த இரும்புக் கம்பிகள் மட்டும் காய்ந்து நின்றன. அவற்றைப் பார்த்ததும் எஸ்தருக்கு முகம் மலர்ந்தது.

"இந்தா இருக்கு நம்ம கழகம். கம்பியப் பிடி. உக்காரு. எந்திரி."

முதலில் உட்காரவே முடியவில்லை. பிறகு உட்கார்ந்தால் எழ முடியவில்லை. கம்பியைப் பிடித்த கையெல்லாம் துரு. ஒரு நாள், அவள் தோளைத் தொடாமல் நானே எழுந்து நின்றேன். கண்ணீர் வந்துவிட்டது. எஸ்தர் பாராட்டவில்லை. "இன்னொண்ணு" என்றாள். நாற்பது பேர் வரிசையில் நின்றாலும் ஒருத்தி நின்றாலும் அவளுக்கு ஒரே குரல்தான்.

அன்று பாறையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்: "லீவுக்கு ஊருக்குப் போகலையே எஸ்தர். அண்ணன் தேட மாட்டாரா?"

"தேடுததுக்கு நான் என்ன தொலைஞ்சுபோன ஆடா?" என்று சிரித்தாள். ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கீழே எறிந்தாள். பிறகு, "ரூமுக்குள்ள இருந்தா நாலு சுவரும் என்னையே பாக்குது. இங்கன வந்தா, நான்தான் எல்லாத்தையும் பாக்கேன்" என்றாள். எனக்காக மட்டும் அவள் நடக்கிறாள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஒரு காலையில் சாரல் தூறியது. பாறையில் நூலாகத் தண்ணீர் இறங்கிக் கம்பியை நனைத்தது. சீசன் கூட்டம் இனி வந்துவிடும். "நம்ம கழகத்த மூடிட்டாவ" என்றாள் எஸ்தர். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

பள்ளி திறந்த நாளில் பிரார்த்தனைக்கு எல்லோரோடும் நின்றேன். தலைமையாசிரியை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர்களின் பெயர் சொல்லி வாழ்த்தி, அறிவிப்புகள் படித்து, நேரம் நீண்டது. முழங்கால் நடுங்கத் தொடங்கியது. அந்தக் கணத்தில் மைதானத்தின் மறுகோடியிலிருந்து விசில், கூடவே எஸ்தரின் குரல்: "ஸ்டாண்ட் அட் ஈஸ்!" பள்ளி முழுவதும் காலை அகட்டி நின்றது. நானும் நின்றேன். அன்றைக்கு ஏன் பாதியில் அந்த உத்தரவு வந்தது என்று உங்களில் யாராவது யோசித்திருந்தால், காரணம் இதுதான். வேலை என்னிடமே இருந்தது. ஓய்வு பெறும்வரை நின்றே பாடம் நடத்தினேன்.

எஸ்தர் எனக்கு முன்னால் ஓய்வு பெற்றாள். என்னோடு இருந்துவிடேன் என்றேன். "அண்ணிக்கு முடியலயாம், அண்ணன் ஆளனுப்பிட்டான். வீட்டுல அடுப்புப் பாக்க ஆளு வேணும்லா" என்றாள். புறப்படும்போது தூக்குவாளியை என் கையில் கொடுத்தாள். "நீயே வச்சுக்கோ ஏட்டி. அங்கன தொழுவத்துல நாலு மாடு நிக்கி. பாலுக்குப் போறேன்னு சொல்ல முடியாது." இருவரும் சிரித்தோம். சிரிப்பதற்கு உரியதாகத்தான் அன்று தோன்றியது.

போன மாதம் அந்தப் பஸ்ஸில் சுப்பையா பக்கத்தில் நின்று மீதியையும் சொன்னார். அண்ணன் மகன் பெருமையாகச் சொன்னாராம்: "அத்தை வந்ததுலேர்ந்து வாசல்படி தாண்டுனதில்ல. அம்புட்டு அடக்கம்."

நான் போகாமல் தப்பிய அடுக்களை மூலைக்கு அவள் போயிருக்கிறாள்.

குற்றாலத்தில் இறங்கினேன். இதே கோடை, இதே வெறும் பாறை. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து உட்கார்ந்தேன். கடையில், கோயிலில், பஸ்ஸில், எங்கும் நான் டீச்சர்தான். ஏட்டி என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஒரு வாளியும், மடங்கி நிமிர்கிற ஒரு முழங்காலும். எழுந்திருக்க மனம் வரவில்லை.

"ஏட்டி, எந்திரி" என்று வாய்விட்டுச் சொன்னேன். என் குரல்தான். ஆனாலும் எழுந்துவிட்டேன்.

"இன்னொண்ணு" என்று சொல்ல ஆளில்லை. அதையும் நானே சொல்லிக்கொண்டேன்.